இரண்டாம் கதவின் திறவுகோல் யாரிடம்? உயர்கல்வியில் மாறுதல் சேர்க்கையும் சமூகநீதியும்

2024 ஜூன் மாதம், உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு தலித் மாணவருக்குத் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. அந்த இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் செலுத்த வேண்டும். கெடு மாலை 5 மணி. தினக்கூலித் தொழிலாளியான தந்தை பணத்தைத் திரட்டி முடித்தபோது சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. கட்டணம் செலுத்துவதற்குள் இணையதளம் மூடிக்கொண்டது, இடமும் பறிபோனது. நுழைவுத்தேர்வை இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது என்பதால், அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. செப்டம்பர் 30 அன்று, அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவு வழங்கும் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்கு இடம் வழங்குமாறு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

அவருக்கு நீதி கிடைத்தது. ஆயினும் ஒரு மாலையில் தவறிப்போன வாய்ப்பை மீட்க உச்சநீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது ஏன் என்ற கேள்வி எஞ்சுகிறது. பதினெட்டு வயதில் அந்த வாயில் மூடினால், ஐஐடியின் பி.டெக். படிப்புக்குள் நுழைய மற்றொரு வாயில் இல்லை. வேறொரு கல்லூரியில் சேர்ந்து ஈராண்டுகள் சிறப்பாகப் படித்துக் காட்டினாலும், அந்த மதிப்பெண்களைக் கொண்டு பி.டெக். மூன்றாம் ஆண்டில் இடம் கேட்க வழியில்லை. இத்தகைய வழியைத்தான் ‘மாறுதல் சேர்க்கை’ என்கிறோம். அமெரிக்காவில் அது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அங்கு அது யாருக்குப் பயன்பட்டது, யாரைக் கைவிட்டது என்பதை அறிவது நமக்கு அவசியம்.

கலிபோர்னியாவின் ஏற்பாடு

கலிபோர்னியா மாநிலம் 1960இல் உயர்கல்விக்கான பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. பள்ளி இறுதியில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம். விரும்பும் அனைவருக்கும் சமுதாயக் கல்லூரி. இந்த மூன்றடுக்கு முறை அப்படியே நின்றிருந்தால், அதுவும் ஒரு படிநிலை அமைப்பாகவே முடிந்திருக்கும். சமுதாயக் கல்லூரியில் ஈராண்டுகள் படித்தவர் மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம் என்ற விதியும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. இன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் இளநிலை மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இவ்வாறு மாறி வருபவர். லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், பள்ளியிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்போரில் அண்மை ஆண்டுகளில் சுமார் 9 விழுக்காட்டினருக்கே இடம் கிடைக்கிறது. மாறுதல் சேர்க்கையில் அது ஏறத்தாழ 25 விழுக்காடு.

இதன் அடிப்படை, எழுதி வெளியிடப்பட்ட விதிகள். எந்தச் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை ‘அசிஸ்ட்’ என்னும் பொது இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். 60 கிரெடிட்டுகளையும் உரிய மதிப்பெண்ணையும் பெற்றவருக்கு, ஒன்பது வளாகங்களுள் ஆறு முன்கூட்டியே இட உறுதி அளிக்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ ஆகிய மூன்று மட்டும் அந்த உறுதியைத் தருவதில்லை. வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு, வெளிப்படையான விதியே வழிகாட்டி.

தனியார் கல்லூரிகளின் கதை வேறு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1990இல் மாறுதல் சேர்க்கையை நிறுத்தி, 2018இல்தான் மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 13 பேருக்கு இடம் அளிக்கப்பட்டது. இரண்டாம் கதவு இருக்கிறது என்ற பெயரைக் கொடுப்பதற்கு அது போதுமானதாக இருக்கலாம். கல்வி வாய்ப்பைப் பரவலாக்க அது போதாது.

கைவிடப்படுவோர்

பொதுக் கல்லூரிகளிலும் வழி எல்லோருக்கும் சமமாக அமையவில்லை. மாறிச்செல்லும் நோக்கத்துடன் கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில், நான்கு ஆண்டுகளுக்குள் உண்மையில் மாறியவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே என்று அம்மாநிலத் தணிக்கையாளர் 2024இல் அறிக்கை அளித்தார். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களின் நிலை இதைவிட மோசம். நாடு முழுவதையும் ஆராய்ந்த அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு, கல்லூரி மாறும் மாணவர்கள் தாம் பெற்ற கிரெடிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கின்றனர் என 2017இல் மதிப்பிட்டது. படித்த பாடத்தைப் புதிய கல்லூரி ஏற்காவிட்டால், ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டு உழைப்பும் வீண். வசதியுள்ள குடும்பம் அந்த ஓராண்டைத் தாங்கும். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்தின் பிள்ளை படிப்பையே விட்டுவிடும்.

நுழைந்த பின்னும் போராட்டம் தொடர்கிறது. மாறுதல் மாணவர்கள் பெருமளவில் சேரும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், தலித் மாணவர்களும் அவர்களுடன் நின்றவர்களும் முன்னெடுத்த இயக்கத்தின் விளைவாக, 2022 ஜனவரியில் அதன் 23 வளாகங்களிலும் சாதி, பாகுபாட்டுக்கு எதிரான கொள்கையில் சேர்க்கப்பட்டது. அட்லாண்டிக்கைக் கடந்தும் சாதி உடன் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தியாவில் திறக்கவிருக்கும் கதவு

இந்தியாவில் இத்தகைய வழி முற்றிலும் இல்லை என்று கூற முடியாது. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர்கள் பொறியியல் கல்லூரிகளில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்கின்றனர். கிராமப்புற, தலித் மாணவர்கள் பலர் பொறியாளரானது இவ்வழியில்தான். ஐஐடிகளின் பி.டெக். படிப்பில் அந்த வாயில் இல்லை.

தேசியக் கல்விக் கொள்கை 2020இன் தொடர்ச்சியாக, 2021இல் பல்கலைக்கழக மானியக் குழு கிரெடிட் வங்கி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒரு கல்லூரியில் பெற்ற கிரெடிட்டுகளைச் சேமித்து, வேறொரு கல்லூரியில் படிப்பைத் தொடரலாம் என்பது அதன் நோக்கம். ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம் என்றும் கொள்கை கூறுகிறது. இவ்வழியில் யார் வெளியேறுவர், யார் உள்ளே வருவர் என்பதே நம் கவலை. பணமின்றி வெளியேறும் தலித் மாணவரின் கையில் ஒரு சான்றிதழ் எஞ்ச, அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு வசதியுள்ளவர் மாறிவருவாரெனில், கொள்கையின் பெயரால் இடஒதுக்கீடு கரையும்.

இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடிகள், ஐஐஎம்கள் ஆகியவற்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 13,600க்கும் மேற்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் விலகியதாக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வேறு படிப்புக்கு மாறியவர்களும் இதில் உண்டு என்பது அரசின் விளக்கம். அவ்வாறே கொண்டாலும், காலியான இடங்கள் என்னவாயின? 2006ஆம் ஆண்டின் மத்தியக் கல்வி நிறுவன இடஒதுக்கீட்டுச் சட்டம், ஆண்டுதோறும் அனுமதிக்கப்படும் இடங்களில் 15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினருக்கும் 7.5 விழுக்காட்டைப் பழங்குடியினருக்கும் ஒதுக்குகிறது. படிப்பின் இடையில் காலியாகும் இடத்தைப் பற்றி அது தனியே வரையறுக்கவில்லை.

ஆகவே மாணவர் இயக்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. இடஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர் விலகினால், அவ்விடம் அதே பிரிவைச் சேர்ந்த வேறொரு கல்லூரி மாணவருக்கே மாறுதல் சேர்க்கையில் செல்ல வேண்டும். பாட ஈட்டுப் பட்டியல்கள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பொதுவில் வெளியிடப்பட வேண்டும். கல்லூரி மாறும்போது கல்வி உதவித்தொகையும் விடுதி இடமும் தடையின்றித் தொடர வேண்டும். ஒவ்வோராண்டும் யார் விலகினர், யார் சேர்ந்தனர் என்ற விவரம் சாதிவாரியாக வெளிவர வேண்டும்.

விதிகள் இன்னும் எழுதப்பட்டு வருகின்றன. எழுதி முடித்த பின் நீதிமன்றப் படியேறுவதைவிட, எழுதும்போதே நம் குரல் அங்கு ஒலிப்பது முக்கியம்.