தொட்டாற்சுருங்கியும் ஜகதீச சந்திரரும்

திருக்கோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களிலே வாடைக்கால மழை பெய்து ஓய்ந்ததும், பாதையோரங்களிலும் பாழ்வளவுகளிலும் தொட்டாற்சுருங்கி தழைத்துப் படர்கின்றது. பள்ளிக்குச் செல்லுஞ் சிறுவர் குனிந்து அதன் இலையை விரலால் தொடுவர். சிற்றிலைகள் இரண்டிரண்டாகக் கூம்பும். சற்றே வன்மையாய்த் தட்டின் காம்பும் மடங்கித் தொங்கும். அமெரிக்காவின் வெப்ப நாடுகளிலிருந்து கடல்கடந்து இங்குப் புகுந்த செடி இஃது என்பதை அச்சிறுவர் அறியார். அவர்கள் கேட்கும் வினா வேறு: "இதற்கு நோகுமா?"

இவ்வினாவைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாது, தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை அதனை ஒட்டிய ஆராய்ச்சியிலே செலவிட்டவர் வங்கநாட்டு விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கம்பியில்லாத் தந்திக்கு அடிப்படையான மின்காந்த அலைகளை ஆராய்ந்த பௌதிக அறிஞர் என்றே அவரைப் பலரும் அறிவர். தாவரங்களின் நரம்புப் பொறிமுறை பற்றி 1926ஆம் ஆண்டில் அவர் ஒரு பெருநூல் இயற்றினார் என்பதும், அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே குழந்தைகளுக்கென விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார் என்பதும் அத்துணை பரவலாக அறியப்படாதன. அவரைக் குழந்தைகளின் எழுத்தாளராக்கிய மனப்பாங்கு எதுவோ, அதுவே அவரைச் செடிகளின் நரம்பைத் தேடவும் செய்தது.

அவர் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திரர் அரசாங்க உத்தியோகத்தர். அத்தகையோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதிய காலம் அது. அவரோ மகனை வங்காள மொழிப் பாடசாலையிலே சேர்த்தார். தாய்மொழியை முதலிற் கற்கவேண்டும், தம் மக்களோடு பழகவேண்டும் என்பது அவர் கொள்கை. வகுப்பிலே பக்கத்தில் அமர்ந்திருந்த மீனவர் மகன் முதலியோர் பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் உயிர்களையும் பற்றிச் சொன்ன கதைகளே தமக்கு இயற்கையை ஆராயும் ஆர்வத்தை ஊட்டின என்று போஸ் பிற்காலத்திற் கூறியுள்ளார். கேம்பிரிட்சிலே கற்று மீண்டு, 1885இல் கல்கத்தா மாகாணக் கல்லூரியில் ஆசிரியரானார். ஐரோப்பியருக்குரிய சம்பளம் இந்தியருக்கு இல்லை என்றபோது, மூன்றாண்டுகள் சம்பளமே பெறாது பணியாற்றி அவ்வேற்றுமையை வென்றார்.

கல்கத்தாவில் 'முகுல்' என்னும் சிறுவர் மாத இதழ் 1895இலே தோன்றியது. மின்னலைச் சோதனைகளில் முழுதும் ஈடுபட்டிருந்த அக்காலத்திலேயே போஸ் அதற்கு எழுதினார். விதை மண்ணினுள் எவ்வாறு உறங்குகின்றது, முளை எவ்வாறு ஒளியை நாடுகின்றது, தாய்ச்செடி தன் விதைகளின் பொருட்டு எவ்வாறு தேய்ந்து மடிகின்றது என்பன அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள். வரைவிலக்கணத்தைச் சொல்லிப் பின் உதாரணம் தேடுவது அவர் முறையன்று. அம்முறை எத்தனை பிள்ளைகளுக்குத் தாவரவியலைக் கசக்கச் செய்திருக்கின்றது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். அவர் செடியை ஓர் உறவினராகக் காட்டி, அதன் வாழ்வைக் கதையாகச் சொன்னார். இக்கட்டுரைகள் பிற வங்காளக் கட்டுரைகளோடு 1921இலே 'அவ்யக்தம்' என்னும் நூலாயின. வெளிப்படாதது என்பது அப்பெயரின் பொருள்.

வெளிப்படாத ஒன்றை வெளிப்படுத்துவதே அவருடைய ஆராய்ச்சியுமாயிற்று. தொட்டாற்சுருங்கியின் இலைக்காம்பு தண்டோடு பொருந்துமிடத்திலே சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள கலங்கள் நீரால் நிரம்பி விறைத்து நின்று காம்பைத் தாங்குகின்றன. இலையைத் தொட்டதும் ஒரு மின்மாற்றம் காம்பின் வழியே பரவுகின்றது. அது புடைப்பை அடைந்தவுடன் கீழ்ப்புறக் கலங்களிலிருந்து பொற்றாசிய அயன்களும் குளோரைட்டு அயன்களும் வெளியேற, நீரும் அவற்றைத் தொடர்ந்து வெளியேறுகின்றது. விறைப்பு இழந்த பக்கத்திற்குக் காம்பு சாய்கின்றது. மனித நரம்பிலே செய்தி செக்கனுக்கு நூறு மீற்றர் வரை செல்லும். இச்செடியிலோ இரண்டு மூன்று சதமமீற்றரே செல்லும். வேகம் வேறாயினும் இரண்டிடத்தும் செல்வது மின்செய்தியே.

போஸ் இதனோடு நிற்கவில்லை. தொடாமலே சிற்றிலைகளை அசைக்கும் தொழுகண்ணியையும் எடுத்துக்கொண்டு, அவ்வசைவு இதயத்துடிப்பைப் போன்றது என்றும், மயக்க மருந்தால் இரண்டும் அடங்குகின்றன என்றும் காட்டினார். சுருங்காத சாதாரணச் செடிகளும் தூண்டலுக்கு மின்துலங்கல் காட்டுகின்றன என 1901இல் இலண்டன் றோயல் சங்கத்திலே உரைத்தபோது, உடற்றொழிலியல் அறிஞர் பேர்டன் சாண்டர்சன் எதிர்த்தார். பூச்சியுண்ணும் செடியொன்றிலே மின்மாற்றத்தை 1873இல் முதன்முதற் கண்டவர் அவரே என்பது வியப்புக்குரியது. கட்டுரையை அச்சங்கம் வெளியிடவில்லை. அடுத்த ஆண்டில் லின்னியன் சங்கம் வெளியிட்டது. அக்காலத்து ஆராய்ச்சி நூல்கள் உருப்பெற உதவியவருள் சகோதரி நிவேதிதையும் ஒருவர். பின்னர் 1920இலே றோயல் சங்கம் போஸை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

இவ்வழக்கில் போஸின் பக்கமே முற்றும் உண்மை என்று கொள்வதும் பொருந்தாது. சாதாரணச் செடிகளிலும் மின்செய்தி பரவுகின்றது என்பது நிலைபெற்றுவிட்டது. உணவுச்சாற்றைக் கடத்தும் உரியத்தின் வழியே அச்செய்தி செல்கின்றது என்று அவர் கூறியதையும் பிற்கால ஆராய்ச்சி பெரிதும் ஆதரிக்கின்றது. ஆயின் அவ்வழியை நரம்பு என்றே அவர் அழைத்ததும், செடிக்கும் விலங்குக்கும் உணர்ச்சியில் வேற்றுமை குறைவென எண்ணியதும் சான்றைக் கடந்து சென்றவை. செடியிலே நரம்புக்கலம் இல்லை, மூளையும் இல்லை. சிறுவருக்கான கட்டுரையிலே அழகாயிருந்த உறவுமுறை, ஆய்வுநூலிலே அளவை மீறிற்று. அவ்வுறவுணர்ச்சி இல்லாதிருப்பின், வாழைத்தண்டிலும் கிழங்கிலும் மின்துலங்கலைத் தேட அவருக்குத் தோன்றியிருக்குமா என்பதும் ஐயமே.

அவர் 1937இல் மறைந்தார். சப்பானிய ஆய்வாளர் சிலர் 2022இலே தொட்டாற்சுருங்கியின் உள்ளே கல்சியம் பரவுவதை ஒளிரச்செய்து பதிவுசெய்தனர். கல்சியச் செய்தி முன்செல்ல, இலை பின்னர் மூடியது. அசைய இயலாதவாறு மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாய்த் தின்றன என்றும் கண்டனர். சுருங்குதல் நாணத்தாலன்று, அது ஒரு காப்பு.

இவற்றைத் தமிழிற் சொல்லுதற்குத் தூண்டல், துலங்கல், கலம் என்னும் சொற்கள் இன்று கைவசம் உள்ளன. அத்தகைய சொல்வளம் தானாக வந்ததன்று. திருக்கோணமலை இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கியவரும் விஞ்ஞானப் பட்டதாரியுமான விபுலாநந்த அடிகள், 1936இலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் போன்றோர் ஆக்கித் தந்த சொற்களாலேயே துறைமுகத்துச் சிறுவனின் வினாவுக்கு அவன் மொழியில் விடை கூற இயலுகின்றது. நோவதற்கு வேண்டிய உறுப்பு எதுவும் அதனிடத்திற் காணப்படவில்லை; ஆயினும் நீ தொட்ட செய்தி இலையிலிருந்து காம்புக்குச் சென்றது; நீர் திரும்பி வந்து இலை மீண்டும் விரியச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை தொடாமல் இருந்து பார் என்று அவனுக்குச் சொல்லலாம்.