கழுத்து திருகிய கோழிக்கு என்ன நோய்?

சிகாமட் வட்டாரத்துத் தோட்டங்களிலும் கம்பங்களிலும் வீட்டுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகள் வளர்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஒருநாள் காலையில் இரண்டு கோழிகள் தீனியைத் தொடாமல் சிறகைத் தொங்கவிட்டு நிற்கும். பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு இழுக்கும். மறுநாள் ஒரு கோழியின் கழுத்து திருகிக்கொள்ளும். சில நாள்களில் கூண்டே காலியாகிவிடும். "கோழிக்குச் சீக்கு வந்துவிட்டது" என்று சொல்லி, செத்தவற்றைப் புதைப்போம். சிலர் ஆற்றில் வீசிவிடுவார்கள்.

ஆனால் அது எந்தச் சீக்கு?

ஒரே தோற்றம், இரண்டு நோய்கள்

மேலே சொன்ன அறிகுறிகளைக் கேட்டதும் அனுபவசாலிகள் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். கால்நடை மருத்துவர்கள் இதை நியூகாசல் நோய் என்கிறார்கள்; இந்தியாவில் இராணிக்கேட் நோய் என்ற பெயரும் உண்டு. இந்த ஊகம் சரியாகவே இருக்கலாம். ஆனால் கொடிய வகைப் பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே அறிகுறிகளைக் காட்டும். நியூகாசல் கிருமி மனிதருக்குப் பெரும்பாலும் கண் சிவப்போடு நின்றுவிடும். எச்5என்1 பறவைக் காய்ச்சல் மனித உயிரையும் பறிக்கக்கூடியது. ஆகவே, இது எந்த நோய் என்று தெரிந்துகொள்வது கோழிக்கு மட்டும் உரிய காரியமல்ல.

இந்தக் குழப்பம் பழையது. 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரிலும் கோழிகள் கூட்டமாக மடிந்தன. அன்று 'கோழிக் கொள்ளைநோய்' என்று அழைக்கப்பட்ட பறவைக் காய்ச்சலைப் போலவே அது தெரிந்தது. இங்கிலாந்தில் அதை ஆராய்ந்த டாயில், ஒன்றின் எதிர்ப்புச் சக்தி மற்றொன்றைத் தடுக்கவில்லை என்று காட்டினார். உருவம் ஒன்றாக இருந்தாலும் ஆள் வேறு என்று அப்படித்தான் தெரிந்தது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ஒரு முக்கியச் சோதனை இதே அடிப்படையில் அமைந்தது.

ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது?

கோவிட் காலத்தில் நம் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டது நினைவிருக்கும். கோழிக்குத் தொண்டையிலும் ஆசனவாயிலும் அப்படியே மாதிரி எடுப்பார்கள். அதை 9 முதல் 11 நாள் அடைகாத்த, கரு வளரும் முட்டைக்குள் செலுத்துவார்கள். வைரஸ் தானாக வளராது; உயிருள்ள செல் அதற்கு வேண்டும். முட்டைதான் அதன் வயல்.

சில நாள்கள் கழித்து முட்டைக்குள் இருக்கும் நீரை எடுத்து, கோழியின் இரத்தச் சிவப்பணுக்களோடு ஒரு சிறு குழியில் கலப்பார்கள். வைரஸ் இல்லையென்றால் சிவப்பணுக்கள் அடியில் இறங்கி ஒரு சிவப்புப் பொட்டாகக் கூடும். நியூகாசல் வைரஸோ பறவைக் காய்ச்சல் வைரஸோ இருந்தால், அது அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வலைபோல் பின்னிவிடும். பொட்டு விழாது, குழி முழுவதும் மெல்லிய படலம் பரவி நிற்கும்.

வைரஸ் இருப்பது தெரிந்துவிட்டது. எது என்று எப்படி அறிவது? நியூகாசலுக்கு எதிரான எதிர்ப்புப் பொருளை முதலில் சேர்த்துப் பார்ப்பார்கள். அது வைரஸைப் பிடித்துக்கொண்டால் சிவப்பணுக்கள் விடுபட்டு மீண்டும் பொட்டு விழும். அப்போது அது நியூகாசல். விழாவிட்டால் பறவைக் காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள்களைச் சோதிப்பார்கள். பூட்டுக்கு ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்ப்பது போன்றது இது.

முட்டைச் சோதனைக்கு நாள்கள் ஆகும். பிசிஆர் சோதனை சில மணி நேரத்தில் வைரஸின் மரபுப் பொருளைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. நியூகாசல் தடுப்பூசிகள் பலவற்றில் இருப்பது வீரியம் குறைந்த உயிருள்ள வைரஸ். தடுப்பூசி போட்ட கோழியிலும் சோதனை 'உண்டு' என்று சொல்லக்கூடும். அதனால் வைரஸ் இருக்கிறதா என்பதோடு, அது கொல்லும் வகையா என்பதையும் அதன் மரபு வரிசையைப் படித்து உறுதி செய்கிறார்கள்.

தாமதத்தின் விலை

2004 ஆகஸ்ட்டில் கிளந்தான் மாநிலத்தின் தும்பாட், பாசிர் பெக்கான் கம்பத்தில் எச்5என்1 உறுதியானது. உடனே மலேசியக் கோழிகளையும் முட்டைகளையும் சிங்கப்பூர் நிறுத்தியது. நோய் வந்தது நாட்டின் வடகோடியில். அடி விழுந்தது சிங்கப்பூருக்குக் கோழி அனுப்பும் ஜொகூர் பண்ணைகளிலும். ஒரு கம்பத்துக் கூண்டுக்கும் பெரிய பண்ணைக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு நெருக்கமானது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கோழிகள் அடுத்தடுத்துச் செத்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழையுங்கள். நீங்களாகக் கோழியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். வழியெல்லாம் கிருமி பரவும். அறுத்துப் பார்க்கவோ, சமைக்கவோ, மிச்சக் கோழிகளை அவசரமாக விற்கவோ வேண்டாம். சிகாமட் ஆற்றில் வீசினால், அந்த நீர் மூவார் ஆறு வரை போகும் என்பதை மறக்காதீர்கள்.

சாகக் கிடக்கும் கோழியோ இப்போதுதான் செத்த கோழியோதான் சோதனைக்கு ஏற்றது. நம் வெயிலில் சில மணி நேரத்தில் உடல் அழுகிவிடும். கையுறை போட்டு, இரண்டு பைகளில் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருங்கள். உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து நுண்ணோக்கிச் சோதனை கெட்டுவிடும்.

எத்தனை கோழிகள், எத்தனை செத்தன, எப்போது தொடங்கியது, தடுப்பூசி போட்டது எப்போது, அண்மையில் வெளியிலிருந்து கோழி வாங்கினீர்களா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலந்து கொடுக்காதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா நோயாக இருந்தால் கிருமியைச் சோதனையில் மறைத்துவிடும்.

நியூகாசலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி உண்டு. அதில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1980-களில் மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தில் அய்னி இடெரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் ஸ்பிராட்புரோவுடன் சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் வி4 தடுப்பு மருந்தை உருவாக்கினார்கள். பிடிக்க முடியாமல் ஓடித் திரியும் நாட்டுக்கோழிக்காகவே அதைத் தீனியில் பூசிக் கொடுத்துப் பார்த்தார்கள்.

நோயின் பெயர் உறுதியானால்தான் எதற்குத் தடுப்பூசி போடுவது, எந்தக் கோழிகளைத் தனிமைப்படுத்துவது, அண்டை வீட்டாரை எச்சரிப்பதா என்று முடிவு செய்ய முடியும். அந்தப் பெயரை ஆய்வுக்கூடம் சொல்லும். முதல் தொலைபேசி அழைப்பு உங்களிடமிருந்துதான் வர வேண்டும்.