ஆயிரத்துக்கு ஆயிரமும் வருமா? கடைக்காரரே, இதெல்லாம் தெரியுமா?

ஆயிரம் ரூபாய்க்குச் செக்கெண்ணெய் விற்கிறார் ஒருவர். ஆயிரமும் முழுசாக அவர் கணக்கில் ஏறுகிறது. பக்கத்துக் கடைக்காரரும் அதே எண்ணெயை அதே விலைக்குத்தான் விற்கிறார். அவருக்கு வந்து சேர்வதோ 980 ரூபாய்! இரண்டு பேருமே ஆன்லைனில்தான் பணம் வாங்கினார்கள். பாலக்காட்டு எல்லையூரான கொழிஞ்சாம்பாறையின் கடைவீதியில் இன்றைக்கே இது நடக்கலாம் என்று தெரியுமா?

முதல் கடையில் வாடிக்கையாளர் க்யூஆரை ஸ்கேன் செய்து வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐயில் கட்டினார். இரண்டாவது கடைக்காரர் வாட்ஸ்அப்பில் பேமென்ட் லிங்க் அனுப்பினார். வாங்கியவர் கிரெடிட் கார்டில் கட்டினார். நடுவில் இருக்கும் நிறுவனத்தின் கட்டணம் 2 சதவீதம் என்று வையுங்கள். அது 20 ரூபாய். 20 ரூபாய் போனது போனதுதான். ஆயிரத்துக்கு நூறு ரூபாய் லாபம் வைப்பவருக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு!

யுபிஐக்கு ஏன் பிடித்தம் இல்லை? சட்டத்தையே திருத்திவிட்டார்கள்! 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் வணிகரிடம் எம்டிஆர் என்ற கமிஷன் வாங்கக் கூடாது. அப்படியானால் வங்கிகளுக்கு அந்தச் செலவில் ஒரு பங்கை யார் கொடுக்கிறார்கள்? மத்திய அரசு! சிறு வணிகர் வாங்கும் 2,000 ரூபாய் வரையிலான தொகைகளுக்கு 0.15 சதவீதம் ஊக்கத்தொகை என்று 2024-25-க்கு மட்டும் சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. 2016 ஏப்ரல் 11 அன்று 21 வங்கிகளோடு சோதனையாகத் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. ஒரே மாதத்தில்!

ஆனால் யுபிஐ என்றாலே எப்போதும் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக் கட்டினால் சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரைதான் பிடித்தம் இல்லை. வாலட்டிலிருந்து 2,000-க்கு மேல் வந்தால் வணிகர் பக்கத்தில் 1.1 சதவீதம் வரை போகலாம். பேமென்ட் நிறுவனங்கள் தங்கள் சேவைக்கென்று யுபிஐ வரவுக்கும் தனிக் கட்டணம் வைக்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் “யுபிஐக்கு எவ்வளவு?” என்ற அந்த ஒரு வரியைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்.

மேசையில் மூன்று நிறத்தில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்களா? ஒன்றே போதும், தெரியுமா? எந்த ஆப்பாக இருந்தாலும் எந்த க்யூஆரையும் படிக்க முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 அக்டோபரில் உத்தரவு போட்டது. கூகுள் பே ஸ்டிக்கரை போன்பே படிக்கும், பேடிஎம் ஸ்டிக்கரை பீம் படிக்கும்! அந்தச் சதுரம் பிறந்த கதை இன்னும் அதிசயம். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது அது. காப்புரிமை இருந்தும் உலகமே இலவசமாகப் பயன்படுத்த விட்டுவிட்டார்கள். உச்ச அளவு பிழைதிருத்தத்தோடு அச்சடித்தால் 30 சதவீதம் வரை கறை பட்டாலும் கிழிந்தாலும் படிக்கும். எண்ணெய்க்கடைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஸ்டிக்கர் கிழிந்தால்கூடப் பரவாயில்லை. அதன் மேல் வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால்? அங்கேதான் பணம் விழுந்ததும் சத்தமாகச் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் காப்பாற்றுகிறது. சத்தம் வரவில்லை என்றால் பணம் வந்ததா என்று உங்கள் ஆப்பில் உடனே பாருங்கள். வாடிக்கையாளர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. தமிழிலும் பேசும், மலையாளத்திலும் பேசும். போன்பே பெட்டியில் மம்மூட்டியின் குரலே உண்டு! மாத வாடகை எவ்வளவு, விற்பனை குறைந்த மாதத்திலும் பிடிப்பார்களா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வையுங்கள்.

பார்சல் வியாபாரத்துக்கு ஸ்டிக்கர் போதாது. இணையக் கடையோ பேமென்ட் லிங்கோ வைத்தால் நடுவில் ஒரு நிறுவனம் வந்துவிடும். அப்போது கட்டணம் எத்தனை சதவீதம் என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: வாடிக்கையாளர் கட்டிய பணம் என் கைக்கு வரும் வரை எங்கே நிற்கிறது? ரிசர்வ் வங்கி இங்கே ஒரு கோடு கிழித்திருக்கிறது, தெரியுமா? தொழில்நுட்பம் மட்டும் தருபவர் பேமென்ட் கேட்வே. பணத்தையே கையில் வாங்கி உங்களுக்கு அனுப்புபவர் பேமென்ட் அக்ரிகேட்டர். வங்கியல்லாத அக்ரிகேட்டருக்கு ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் கட்டாயம். விண்ணப்பிக்கும்போதே 15 கோடி ரூபாய் நிகர மதிப்பு வேண்டும், பிறகு அது 25 கோடியாக வேண்டும். உங்கள் பணம் அவர்களுடைய சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனி எஸ்க்ரோ கணக்கில் இருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் கால் சதவீதம் குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்!

எத்தனை நாள் நிற்கும்? பொதுவாக ஒன்று அல்லது இரண்டு வேலை நாள். இரண்டு வேலை நாள் என்றால் வெள்ளிக்கிழமை விற்ற பணம் வரச் செவ்வாய்க்கிழமைகூட ஆகலாம். திங்கட்கிழமை கொப்பரை வாங்கக் கையில் காசு வேண்டுமே! உடனே வேண்டுமென்றால் தனிக் கட்டணம். சரக்கைத் திருப்பி அனுப்பி நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும், முதலில் பிடித்த கமிஷன் திரும்பாமல் போகலாம், இதையும் கேளுங்கள். கார்டில் கட்டியவர் “நான் வாங்கவே இல்லை” என்று தன் வங்கியில் புகார் செய்தால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கூரியர் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று: வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைப்பதே 2022 அக்டோபர் 1 முதல் தடை.

நடுவில் ஒருவர் பணம் வாங்கித் தருவது புது ஏற்பாடு என்றா நினைத்தீர்கள்? நம் தபால் துறை 1877-லேயே வி.பி.பி.யைத் தொடங்கிவிட்டது! தபால்காரர் பார்சலைக் கொடுப்பார், பணத்தை வாங்குவார், தபால் துறை அதை விற்றவருக்கு அனுப்பும். அக்ரிகேட்டர் செய்யும் வேலையை நூறு ஆண்டுகளுக்கும் முன்பே தபால்காரர் செய்து காட்டியிருக்கிறார்.

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். 2023-ல் கேரளத்தில் பலருடைய வங்கிக் கணக்குகள் திடீர் திடீரென்று முடங்கின. சிறு கடைக்காரர்களும் அதில் மாட்டினார்கள். அவர்கள் செய்த குற்றம் எதுவுமில்லை. எங்கோ தொலைவில் ஒருவரை ஆன்லைனில் ஏமாற்றிய பணம் கைமாறிக் கைமாறி, அதில் ஒரு துளி யுபிஐ வழியாக இவர்கள் கடையில் சாமான் வாங்கச் செலவாகியிருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு வரும் வேற்று மாநிலக் காவல்துறை, கணக்கை நிறுத்தச் சொல்லி வங்கிக்கு எழுதும். சில நூறு ரூபாய்க்காக முழுக் கணக்கும் பூட்டு! கடைக்காரர்கள் போன்ற எளியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்! வழக்கு கேரள உயர் நீதிமன்றம் போனது. காவல்துறை குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வையுங்கள், மீதிப் பணத்தை எடுக்க விடுங்கள் என்று அதே ஆண்டு வங்கிகளுக்கு உத்தரவு வந்தது. இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கடை வரவுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். வீட்டுச் சேமிப்பும் பிள்ளைகளின் கல்லூரிப் பணமும் அதில் கிடக்க வேண்டாம். முடங்கினால் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகை, இந்த மூன்றையும் வங்கியில் எழுத்தாகக் கேளுங்கள். பில் போட்டிருந்தால் உங்கள் பக்கம் பேச அது இருக்கும்.

வரவு விழும் வங்கியும் முக்கியம். 2024 ஜனவரி 31 அன்று பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. மார்ச் 15-க்குப் பிறகு அதில் புதுப் பணம் போட முடியாது என்றானதும், வரவுக் கணக்கை அங்கே வைத்திருந்த கடைக்காரர்கள் வேறு வங்கிக்கு ஓட வேண்டியதாயிற்று.

எல்லையூர்க்காரர்களே, இது உங்களுக்கென்றே! கொழிஞ்சாம்பாறைக் கடையின் ஜிஎஸ்டி எண் 32-ல் தொடங்கும், பொள்ளாச்சிக் கடையின் எண் 33-ல் தொடங்கும். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் இரு மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வணிகவரிச் செக்போஸ்ட் இல்லை. ஆனால் கோடு போகவில்லை! வரி உள்ள பொருளைப் பொள்ளாச்சி முகவரிக்கு பார்சல் அனுப்பினால் அது மாநிலம் தாண்டிய விற்பனை. விற்றுவரவு எவ்வளவு குறைவாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். கேரளத்துக்குள்ளேயே இருக்கும் சித்தூருக்கு அனுப்பினால் இந்தக் கட்டாயம் இல்லை. யுபிஐ வரவு வரித்துறைக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்தே கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூரில் பலர் க்யூஆர் ஸ்டிக்கரையே கழற்றினார்கள்.

பாலக்காட்டில் வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு உண்டா? துபாயிலிருந்து ஒருவர் ஊரில் இருக்கும் அம்மாவுக்கு எண்ணெய் வாங்கித் தர நினைத்து வெளிநாட்டு கார்டில் கட்டினால், உள்நாட்டு கார்டைவிடக் கூடுதலாகவே உங்களிடம் பிடிப்பார்கள். ஆனால் அமீரகம், சவுதி, கத்தார், ஓமான் உட்படப் பல நாட்டு செல்பேசி எண்களை வெளிநாடுவாழ் இந்தியர்களின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு சேர்த்து யுபிஐ பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியிலேயே வழி திறந்துவிட்டார்கள், தெரியுமா? அடுத்த முறை அங்கிருந்து ஆர்டர் வந்தால் லிங்க் அனுப்புவதற்கு முன் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இருந்தால் உங்கள் க்யூஆரை அனுப்புங்கள்.