இமை உயர்ந்தபின் வறளும் கண்

மேலிமை தொய்ந்து கண்மணியைப் பாதி மறைத்திருக்க, எதிரே நிற்பவரைப் பார்ப்பதற்கும் புருவத்தை உயர்த்தி மோவாயைத் தூக்கவேண்டிய நிலையிலுள்ளவர்களுக்கு, அந்த இமையை உயர்த்தித் தரும் சஸ்திர சிகிச்சை ஒரு வரப்பிரசாதமே. எனினும் அதன்பின் சிலருக்கு மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் எரிச்சலும் உண்டாகின்றன என்பதைக் கத்தி வைக்குமுன்பே அவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

ரத்தக் குழாய்களே இல்லாத கருவிழி, விழித்திருக்கும் வேளையில் தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே, தன்மேல் படர்ந்த கண்ணீர்ப் படலத்தின் வழியாகப் பெறுகிறது. மில்லிமீட்டரை ஆயிரம் கூறிட்டால் அதில் சில கூறுகளே கனமுள்ள இப்படலம், அடியில் வழவழப்பும் நடுவில் நீரும் மேலே இமையோரத்துச் சுரப்பிகள் கசியவிடும் எண்ணெயுமாக அமைந்தது. நிமிஷத்துக்குச் சுமார் 15 தடவை இறங்கியேறும் மேலிமைதான் அதை ஓயாமல் மெழுகிப் புதுப்பிக்கிறது.

இமை உயர்ந்ததும் காற்றுப்படும் பரப்பு பெருகி, ஈரம் விரைவில் ஆவியாகிறது. இமைப்பும் முழுமை பெறுவதில்லை. தூக்கும் தசை பிறவியிலேயே பலமற்றிருந்து, இமையை நெற்றித் தசையோடு பிணைத்துத் தூக்கியவர்களுக்கோ, உறக்கத்தில்கூட இமைகளுக்கிடையே ஒரு வெண்கோடு தெரியும். மூடும்போது விழி மேல்நோக்கிச் சுழன்று கருவிழியை ஒளித்துக்கொள்ளும் இயற்கைக் காப்பு, 1823-ல் சார்லஸ் பெல் விவரித்தது, யாரிடம் குறைவோ அவர்களுக்கே அபாயம் அதிகம்.

ஆகவே நேத்திர வைத்தியர், 1903-ல் ஷிர்மர் வகுத்த முறைப்படி, 5 மில்லிமீட்டர் அகலமுள்ள மையொற்றுத்தாள் துண்டொன்றின் நுனியை மடித்துக் கீழிமைக்குள் செருகி, ஐந்து நிமிஷத்தில் ஈரம் எவ்வளவு தூரம் ஊறுகிறதென்று பார்க்கிறார். மரப்பு மருந்து விடாமல் பார்க்கையில் அது 5 மில்லிமீட்டரையும் எட்டாவிடில் வறட்சி கடுமையானது. அத்தகையவருக்கு இமையை வேண்டுமென்றே சற்றுத் தாழ்வாக நிறுத்துவதைக் குறையென்று கருதலாகாது. அது வைத்தியரின் விவேகம் என்றே நான் சொல்வேன்.

பெரும்பாலோருக்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் இரவில் களிம்பும் போதும். நாளடைவில் உபாதை தணியும். வலி மிகுந்து, கண் சிவந்து, பார்வை மங்கினால் கருவிழியில் புண் உண்டாகியிருக்கக்கூடுமாதலால் அன்றே வைத்தியரிடம் போகவேண்டும். தூங்குகிறவர் தம் கண் மூடியிருக்கிறதா என்று தாமே அறியமாட்டார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும், வீட்டிலுள்ள ஒருவர் நடுநிசியில் விளக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அதைப் பார்த்துச் சொல்லட்டும்.