உங்களுக்குத் தெரியுமா? கன்பூசியஸுக்கு எத்தனை தரம் வேலை போனது!

● கன்பூசியஸ் எந்த உத்தியோகத்திலும் நிலைத்ததில்லை. கி.மு. 551-இல், இன்றைய ஷான்டோங் மாநிலத்தில் இருந்த லூ என்ற சின்ன அரசில் பிறந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் நீதி நிர்வாகப் பதவி ஒன்று கிடைத்தது. அதுவும் கொஞ்ச காலம்தான். பிறகு சீடர்களைக் கூட்டிக்கொண்டு சுமார் 14 ஆண்டுகள் ஒவ்வோர் அரசவையாக ஏறி இறங்கினார். மரியாதை கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. நிரந்தர உத்தியோகம் அமைந்தது செத்த பிறகுதான். அதிலிருந்தும் பல தரம் நீக்கினார்கள், பல தரம் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

● முதல் பணிநீக்கம் கி.மு. 213-இல். சீனாவை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங், தனியார் கையிலிருந்த பழைய நூல்களைக் கொளுத்தச் சொன்னார். மருத்துவம், குறி சொல்வது, உழவு பற்றிய நூல்களுக்கு மட்டும் விலக்கு. பின்னால் ஹான் வம்சத்து இளவரசர் ஒருவர் அரண்மனையைப் பெரிதாக்க கன்பூசியஸின் பழைய வீட்டை இடித்தபோது, சுவருக்குள் ஒளித்து வைத்திருந்த ஏடுகள் கிடைத்தனவாம். அவை அசலா போலியா என்ற பண்டிதர் சண்டை நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது.

● ஹான் வம்சத்தை நிறுவிய லியூ பாங்குக்குப் படித்தவர்களைக் கண்டாலே ஆகாது. பண்டிதர் யாராவது தொப்பியோடு வந்தால் அதைப் பிடுங்கி அதிலேயே சிறுநீர் கழிப்பார் என்று எழுதி வைத்திருக்கிறார் வரலாற்றாசிரியர் சிமா சியன். ஆனால் பேரரசரான பிறகு ஒரு சிக்கல் வந்தது. கூடச் சண்டை போட்ட பழைய கூட்டாளிகள் அரசவையிலேயே குடித்துவிட்டுக் கூச்சல் போட்டார்கள், வாளை உருவித் தூண்களை வெட்டினார்கள். ஷூசுன் டோங் என்ற கன்பூசியப் பண்டிதர் யார் எங்கே நிற்பது, எப்போது வணங்குவது என்று சடங்கு முறை ஒன்றை வகுத்து எல்லோரையும் பழக்கினார். அடுத்த விழாவில் ஒரு சத்தம் இல்லை. பேரரசராக இருப்பதன் அருமை இன்றுதான் தெரிகிறது என்று லியூ பாங் மகிழ்ந்துபோனார். கி.மு. 195-இல் கன்பூசியஸின் ஊரான ச்சூஃபுவுக்கே போய் மாடு, ஆடு, பன்றி பலியிட்டு வணங்கினார். தத்துவம் பிடித்து அல்ல, தூண்கள் தப்பித்ததற்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

● கி.மு. 124-இல் தொடங்கிய அரசுக் கல்விக்கூடத்தில் கன்பூசிய நூல்களைப் படிக்க வந்த மாணவர்கள் 50 பேர். சுமார் 270 ஆண்டுகள் கழித்து 30,000 பேர் என்கின்றன ஏடுகள். அரசு வேலைக்கு அதுதான் வழி என்று தெரிந்தால் கூட்டம் சேராதா!

● கன்பூசிய நூலுக்கே கத்தரி போட்ட மன்னரும் உண்டு. மிங் வம்சத்தைத் தொடங்கிய ஜூ யுவான்ஜாங், கன்பூசியஸ் மரபில் வந்த மென்சியஸின் நூலைப் படித்துவிட்டுக் கொதித்தார். மக்கள்தான் பெரிது, மன்னன் அவர்களுக்கு அப்புறம்தான் என்கிற வாதம் அதில் இருந்தது. 1394-இல் 85 பகுதிகளை வெட்டி எறிந்துவிட்டு ஒரு பதிப்பு வந்தது. மன்னருக்குக் குடிகள் அடங்க வேண்டும் என்பது இருக்கட்டும், குடிகளுக்கு மன்னர் கடமைப்பட்டவர் என்பது வேண்டாம். இந்த வெட்டு வேலையைப் பிற்காலத்து ஆட்சிகளும் கத்தரியே இல்லாமல் செய்திருக்கின்றன.

● பழைய சீனாவில் கன்பூசிய முறைப்படி, அப்பாவோ அம்மாவோ இறந்தால் அதிகாரி பதவியை விட்டுவிட்டு ஊருக்குப் போய் 27 மாதம் துக்கம் காக்க வேண்டும். மந்திரியானாலும் விதி ஒன்றுதான். 1577-இல் மிங் பேரரசின் தலைமை அமைச்சர் ஜாங் ஜூஜெங்கின் தந்தை காலமானார். அப்போது பேரரசர் வான்லி பதின்வயதுப் பையன். நாட்டை ஓட்டியதே ஜாங்தான். நில அளவையும் வரிச் சீர்திருத்தமும் கையில் இருந்தன. 'நீங்கள் போக வேண்டாம்' என்று அரச ஆணை வந்தது. அவ்வளவுதான், அரசவை பற்றிக்கொண்டது. பெற்ற தகப்பனுக்கு அழாதவன் நாட்டை எப்படி ஆளுவான் என்று சில அதிகாரிகள் எழுத்திலேயே எதிர்த்தார்கள். அவர்களை அரண்மனை வாசலில் போட்டுத் தடியால் அடித்தார்கள். ஜாவோ யோங்சியன் என்பவருக்கு 60 அடி. கொஞ்சம் பருமனான ஆள். உள்ளங்கை அளவு சதை பிய்ந்து விழுந்தது. அவர் மனைவி அந்தச் சதையை உப்புக்கண்டம் போல் உலர்த்திப் பத்திரமாக வைத்துக்கொண்டார் என்கிறது மிங் வரலாறு. கணவர் கொள்கைக்காக அடிபட்டதற்கு அத்தாட்சி! ஐந்து ஆண்டுகளில் ஜாங்கும் இறந்தார். எதிரிகள் அவர் சொத்தைப் பறிமுதல் செய்ய வைத்தார்கள். மூத்த மகன் தற்கொலை செய்துகொண்டார்.

இன்றைய சீனாவில் பெற்றோர் இறந்தால் கிடைக்கும் விடுப்பு பெரும்பாலும் மூன்று நாள்.

● விதவை மறுமணம் செய்துகொள்ளக் கூடாது என்பது கன்பூசியஸ் போட்ட விதி என்று நினைப்பவர்கள் உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற கன்பூசிய அமைச்சர் ஃபான் ஜோங்யானின் தாயே விதவையாகி மறுமணம் செய்துகொண்டவர். ஃபான் தன் குலத்தாருக்காக 1050-இல் ஓர் அறக்கட்டளை எழுதி வைத்தார். பெண்ணின் முதல் கல்யாணத்துக்கு 30 கோவை காசு, மறுமணத்துக்கு 20 கோவை. ஆணின் முதல் கல்யாணத்துக்கு 20. அவன் இரண்டாம் கல்யாணத்துக்கு ஒரு காசும் கிடையாது!

பிறகு எங்கே திரும்பியது? மிங் ஆட்சியின் தொடக்கத்தில் ஓர் ஆணை வந்தது: 30 வயதுக்குள் கணவனை இழந்து 50 வயது தாண்டியும் மறுமணம் செய்யாதிருந்தால் வீட்டு வாசலுக்கு அரசு மரியாதை, குடும்பத்துக்குக் கட்டாய உழைப்பிலிருந்து விலக்கு. குடும்பத்துக்கு லாபம் என்று வந்துவிட்டால் மாமனார் மாமியார் கற்பைப் பற்றிப் பேசாமல் இருப்பார்களா? அன்ஹுய் மாநிலத்தின் டாங்யூ கிராமத்தில் வரிசையாக நிற்கும் ஏழு கல் தோரணவாயில்களில் சில அப்படிப்பட்ட விதவைகளுக்காக எழுப்பியவை. அவற்றைச் சுற்றுலாப் பயணிகள் இன்று படம் பிடித்துக்கொள்கிறார்கள்.

● நான்ஜிங் நகரத்தில் அரசு வேலைக்கான தேர்வு நடந்த மைதானத்தில் உச்சகட்டத்தில் 20,000-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது, கதவில்லாத பொந்து. உள்ளே இரண்டு பலகை. ஒன்று உட்கார, ஒன்று எழுத. இரவில் இரண்டையும் சேர்த்துப் போட்டால் கட்டில், ஆனால் காலை நீட்ட முடியாது. அதில் மூன்று நாள், இரண்டு இரவு. அப்படி மூன்று சுற்று. மனப்பாடம் செய்ய வேண்டிய கன்பூசிய நூல்களில் நான்கு லட்சத்துக்கும் மேல் எழுத்துகள். உள்ளாடையில் பொடி எழுத்தில் முழு நூலையும் எழுதிக்கொண்டு போன கில்லாடிகளும் இருந்தார்கள். அந்தத் துணிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒழுக்க நூலில் காப்பியடித்துத்தான் ஒழுக்கமான அதிகாரி ஆக வேண்டியிருந்தது.

● அந்தத் தேர்வு முறையை 1905-இல் ஒரே ஆணையில் ஒழித்தார்கள். ஷான்ஷி மாநிலத்தில் லியூ டாபெங் என்ற கிராமத்துப் படிப்பாளி ஐம்பது ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதியவர். மாகாணத் தேர்வில் தேறியவர், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். படித்த படிப்புக்கு மதிப்பு இல்லாமல் போன பிறகு நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் இறங்கினார். வயதான காலத்தில் வயலில் வேலை செய்தார். ஆனால் வீட்டில் பெற்றோருக்குச் செய்யும் முறைகளை மட்டும் விடவில்லை. அரசாங்கம் கன்பூசியஸைக் கைவிட்டது, அவர் விடவில்லை.

● 'இருபத்து நான்கு உத்தமப் பிள்ளைகள்' என்று யுவான் காலத்துக் கதைத் தொகுப்பு ஒன்று சீனக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். மாற்றாந்தாய் மீன் கேட்டாள் என்று உறைந்த ஆற்றின்மேல் படுத்துப் பனியை உருக்குகிறான் ஒருவன். குவோ ஜூ என்பவனோ வறுமையில் தாய்க்குப் போதிய சாப்பாடு இல்லை என்று பெற்ற மகனை உயிரோடு புதைக்கக் குழி தோண்டுகிறான். குழியில் தங்கம் கிடைத்துக் குழந்தை தப்புகிறது. எழுத்தாளர் லூ சுன் சிறு வயதில் இதைப் படித்துவிட்டு நடுங்கியதை 1926-இல் எழுதினார். வீட்டிலோ வறுமை, பாட்டியும் இருக்கிறாள். அப்பா உத்தமப் பிள்ளையாகிவிட்டால் புதையப் போவது யார்? அதற்குப் பிறகு நரைத்த தலைப் பாட்டியைப் பார்க்கவே அவருக்குப் பயமாக இருந்ததாம்.

● 1934-இல் அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக் கன்பூசிய விழுமியங்களின் பெயரில் 'புதுவாழ்வு இயக்கம்' நடத்தினார். சட்டைப் பொத்தானைப் போடு, கண்ட இடத்தில் துப்பாதே என்பதுவரை அதில் அறிவுரை இருந்தது.

● வணிகனைச் சமூகத்தின் கடைசிப் படியில் வைத்தது பழைய கன்பூசியச் சமூகம். அந்த சியாங் கை ஷேக் அரசின் நிதியமைச்சர், பெரும் பணக்காரர் கோங் சியாங்ஷி, கன்பூசியஸின் 75-ஆம் தலைமுறை வாரிசு!

● ஒரு சிற்றரசன் பெருமையாகச் சொன்னான்: எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான், ஆடு திருடிய அப்பனையே காட்டிக்கொடுத்தான். கன்பூசியஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அப்பனுக்கு மகனும் மகனுக்கு அப்பனும் மறைத்துக்கொடுப்பதுதான் எங்கள் ஊரில் நேர்மை என்றார். 653-ஆம் ஆண்டின் டாங் சட்டத்தில் இது ஏறியது. ராஜத் துரோகம் போன்றவை தவிர்த்துப் பெற்றோர்மீது வழக்குச் சொல்லும் பிள்ளைக்கு மரண தண்டனை.

1970-இல் அன்ஹுய் மாநிலத்தில் ஒரு வீடு. அம்மா வீட்டுக்குள் மாவோவைக் குறைசொன்னார். பதின்வயது மகன் எழுதிக் கொடுத்துப் புகார் செய்தான். இரண்டே மாதத்தில் அம்மாவைச் சுட்டுக் கொன்றார்கள். அரசு 1980-இல் அவர் குற்றமற்றவர் என்று அறிவித்தது. மகன் வழக்கறிஞராகி, அறுபதை எட்டும் வயதில் ஊரறிய மன்னிப்புக் கேட்டார். பண்பாட்டுப் புரட்சியில் இப்படிக் காட்டிக்கொடுத்த பிள்ளைகள் இவர் ஒருவர் அல்ல.

2012-இல் திருத்திய குற்றவியல் நடைமுறைச் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளை நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொல்லுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. போலீஸ் விசாரணையில் வாய் திறக்காமல் இருக்கலாம் என்று சொல்லவில்லை. ஆடு திருடியவன் மகனுக்குப் பாதி சலுகை.

● 1966 நவம்பரில் பெய்ஜிங்கிலிருந்து மாவோவின் செங்காவலர் மாணவர்கள் ச்சூஃபுவுக்குப் படையெடுத்தார்கள். 6,000-க்கும் மேற்பட்ட பழம்பொருள்கள் நாசமாயின. கோயிலில் இருந்த கன்பூசியஸ் சிலையை எரித்தார்கள். அவர் கல்லறையைத் தோண்டினார்கள். குடும்பத்தின் 76-ஆம் தலைமுறைக் கோமகனின் உடலைத் தோண்டி எடுத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். அதே கோயிலும் மாளிகையும் இடுகாடும் 1994-இல் உலக மரபுச் சின்னங்களாயின.

● 1974-இல் நாடு முழுக்க நடந்த கண்டனக் கூட்டங்களில் இரண்டு பேரைத் திட்ட வேண்டும்: 1971-இல் விமான விபத்தில் இறந்த தளபதி லின் பியாவ்; 2,400 ஆண்டுகளுக்கு முன் இறந்த கன்பூசியஸ். லின் வீட்டில் கன்பூசியஸ் வாசகம் எழுதிய சுருள்கள் இருந்தனவாம்! அசல் குறி பிரதமர் ஜோ என்லாய் என்பது அப்போதே பலருக்குப் புரிந்திருந்தது.

● 2011 ஜனவரியில் தியனன்மென் சதுக்கத்தை ஒட்டி, தேசிய அருங்காட்சியகத்தின் வாசலில் 9.5 மீட்டர் உயர வெண்கலக் கன்பூசியஸ் நின்றார். ஏப்ரலில் ஒரு நாள் பொழுது விடிந்தபோது ஆளைக் காணோம். அருங்காட்சியகத்தின் உள்முற்றத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள்.

● சிங்கப்பூரில் 1984-இல் பள்ளிகளில் சமய அறிவுப் பாடம் வந்தது. இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம், பைபிள், சீக்கியத்தோடு கன்பூசிய ஒழுக்கமும் ஒரு தேர்வு. அரசு ஆசைப்பட்டது கன்பூசியத்தை. சீன மாணவர்கள் அதிகம் போனது பௌத்த வகுப்புக்கு. சில ஆண்டுகளில் அந்தப் பாடம் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது.

● பழைய 'இருபத்து நான்கு உத்தமப் பிள்ளைகள்' தொகுப்புக்குப் பதிலாக 2012-இல் சீனாவில் புதிய இருபத்து நான்கு வெளியானது. இந்தத் தடவை கதைகள் இல்லை, வேலைகள். பெற்றோருக்கு இணையம் பயன்படுத்தக் கற்றுக்கொடு. பொருத்தமான காப்பீடு எடுத்துக் கொடு. அடிக்கடி படம் பிடி. பழைய சினிமாவுக்குக் கூட்டிப் போ. தனியாகிவிட்ட அப்பாவோ அம்மாவோ மறுமணம் செய்ய நினைத்தால் துணை நில். டாங்யூ தோரணவாயில்களைக் கட்டியவர்கள் அந்தக் கடைசி வரியைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்!

● தனியே வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்ற சட்டம் 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் வூஷி நகர நீதிமன்றம் தீர்ப்பு ஒன்று சொன்னது. வழக்குப் போட்டவர் 77 வயது அம்மா. இரண்டு மாதத்துக்கு ஒரு தரமாவது மகள் வந்து பார்க்க வேண்டும், முக்கியப் பண்டிகை விடுமுறைகளில் இரண்டுக்காவது வர வேண்டும் என்றது நீதிமன்றம். வராவிட்டால் அபராதம், காவல்கூட உண்டு. பழைய சமூகத்தில் பெற்றோர் கடன் மகன் தலையில் இருந்தது, கட்டிக்கொடுத்த மகள் புகுந்த வீட்டுக்காரி. இப்போது சட்டத்தின் முன் மகளும் மகனும் ஒன்று. சமத்துவம் இந்த வழியாகவும் வந்து சேர்கிறது.

● கன்பூசியஸ் குடும்பத்தின் வம்சாவளிப் பதிவை 1937-க்குப் பிறகு திருத்தியது 2009-இல்தான். இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். மகள்களின் பெயர்கள் முதன்முறையாக இடம்பெற்றது இந்தப் பதிப்பில். ஒரே பிள்ளைதான், அதுவும் பெண்தான் என்ற வீடுகள் பெருகிய பிறகு, மகள்களைச் சேர்க்காவிட்டால் அந்தப் பக்கங்களில் எதை எழுதுவார்கள்?