புதையல் வேட்டையும் கடைவீதியும்



கடைவீதியில் கூட்டம் குறைந்துவிட்டது என்பதுதான் இன்று நம் எல்லோருடைய பேச்சும். கைப்பேசியைத் தொட்டால் சரக்கு வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. தள்ளுபடியில் அந்தப் பெரிய கம்பெனிகளோடு போட்டி போட நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அவர்களிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அது நம் ஊர். மக்களை வீட்டை விட்டு வெளியே வரவழைத்து நாலு தெரு நடக்க வைத்தால், கடைகளும் அவர்கள் கண்ணில் படும். அதற்கு உதவும் ஒரு விளையாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதையல் வேட்டை என்று அதற்குப் பெயர்.

பொதுப் பூங்காவில் ஒரு சிறு பொருளை மறைத்து வைப்பார்கள். அது இருக்கும் இடத்தைப் பாட்டாக எழுதி, நாளுக்கு ஒன்றாக வெளியிடுவார்கள். பாட்டை அவிழ்த்துப் பொருளைக் கண்டெடுப்பவருக்குப் பரிசு. விளையாட்டு இவ்வளவுதான்.

இதைப் பல ஆண்டுகளாக நடத்திக் காட்டும் ஊர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் உள்ள செயின்ட் பால். அங்கே கடுங்குளிர். சைபீரியாவைப் போல மனிதர் வாழத் தகாத ஊர் என்று நியூயார்க் பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதிவிட்டாராம். அதற்குப் பதில் சொல்ல முன்வந்தவர்கள் அவ்வூர் வணிகர்கள். 1886இல் பனிக்கட்டியாலேயே அரண்மனை கட்டிக் குளிர்காலத் திருவிழா தொடங்கினார்கள். 1952இல் அந்த ஊர்ப் பத்திரிகை திருவிழாவோடு புதையல் வேட்டையையும் சேர்த்தது. இப்போது அதன் பெயர் பயனியர் பிரஸ். பொது இடம் ஒன்றில் ஒரு வில்லையை ஒளித்து வைத்து, பன்னிரண்டு நாட்கள் நாளுக்கு ஒரு பாட்டு வெளியிடுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் முழுப் பரிசு 10,000 டாலர் வரை. அந்தத் தொகை முழுவதும் வேண்டுமென்றால் பத்திரிகையில் வந்த துப்புகளைக் கத்தரித்து வைத்திருக்க வேண்டும். திருவிழாச் சின்னத்தையும் வாங்கிப் பதிவு செய்திருக்க வேண்டும். பத்திரிகையும் விற்கிறது, திருவிழாவுக்கும் பணம் சேர்கிறது. பரிசு ஒருவருக்குத்தான் என்றாலும், குடும்பம் குடும்பமாகப் பனியைக் கிளறிக்கொண்டு பூங்காப் பூங்காவாக அலைகிறார்கள்.

துப்பு ஏன் பாட்டாக இருக்க வேண்டும்? பாட்டு வாயில் நிற்கும், வாய்க்கு வாய் பரவும். பாட்டில் ஒன்றைச் சொல்லி இன்னொன்றை உணர்த்தவும் முடியும். விடுகதை போட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததே போதும். நம் காரைக்காலுக்கு முதல் நாள் துப்பு இப்படி இருக்கலாம்:

நெல்லுக்குப் பாய்ந்த நீர் நீலத்தில் கலக்குமிடம்,
சொல்லுக்கு அடங்காத கூட்டம் மாலையில் உலவுமிடம்.

அரசலாறு கடலில் சேரும் பக்கம், கடற்கரை என்று யோசிப்பவர் கண்டுகொள்வார். கடைசி நாள் துப்பு சிறு பிள்ளைக்கும் விளங்க வேண்டும்:

மண்ணைத் தோண்டாதே, மரத்தில் ஏறாதே;
கண்ணுக்கு நேரே, கைக்கு எட்டும் உயரம்;
எண்ணிப் பார், வாசலிலிருந்து ஏழாவது இருக்கை.

முதல் துப்பு கடினம், நாளாக ஆக எளிது. பாட்டில் பொய் இருக்கக் கூடாது. தராசில் நாம் காட்டும் நியாயம் துப்பிலும் வேண்டும். எடை குறைந்தால் வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார். துப்பு ஏமாற்றினால் அடுத்த ஆண்டு ஆள் வராது.

இந்த நியாயம் தவறிய இடங்களையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பைரன் பிரீஸ் என்பவர் 1982இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பன்னிரண்டு பெட்டிகளைப் பூங்கா போன்ற பொது இடங்களில் புதைத்து, பன்னிரண்டு படங்களும் பன்னிரண்டு பாடல்களும் துப்பாகக் கொடுத்தார். துப்பு மிகக் கடினம். 1983இல் சிகாகோவில் ஒன்று, 2004இல் கிளீவ்லாந்தில் ஒன்று, 2019இல் பாஸ்டனில் ஒன்று, ஆக மூன்று பெட்டிகள்தான் அதுவரை கிடைத்தன. அவரோ இடங்களை வெளியிடாமலேயே 2005இல் கார் விபத்தில் இறந்துவிட்டார். பேரேட்டைக் காட்டாமல் முதலாளி கண்ணை மூடிய கடை போல ஆயிற்று.

இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1979இல் படப் புத்தகம் ஒன்றில் துப்பு வைத்து, ஆம்ட்ஹில் பூங்காவில் தங்க முயல் ஒன்றைப் புதைத்தார். 1982இல் ஒருவர் அதை எடுத்தார். அவர் புதிரை அவிழ்க்கவில்லை, ஓவியருக்கு முன்பு நெருக்கமாயிருந்தவர் வழியாகத் துப்பு அறிந்தார் என்று 1988இல் பத்திரிகையில் வெளியாயிற்று. பாடுபட்டுத் தேடிய அத்தனை பேரும் ஏமாந்தார்கள்.

ஃபாரஸ்ட் ஃபென் என்ற கலைப்பொருள் வியாபாரி 2010இல் ஒரு பாட்டை வெளியிட்டு, ராக்கி மலைப் பகுதியில் பெட்டி இருக்கிறது என்றார். 2020இல் ஒருவர் கண்டெடுத்தார். ஆனால் அதற்குள் தேடிப் போனவர்களில் ஐந்து பேர் உயிரிழந்துவிட்டார்கள். ஆற்றையும் மலையையும் விட்டுப் பூங்காவைத் தேர்ந்தெடுப்பதன் அருமை இதில் விளங்கும்.

நம் ஊரில் நடத்துவதானால் கவனிக்க வேண்டியவை:

1. எதையும் புதைக்கக் கூடாது. தோண்டினால் பூங்கா பாழாகும். மேலும் மண்ணில் மறைந்து கிடைக்கும் பொருள்களுக்கென்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. வீண் குழப்பம் வேண்டாம். பணமதிப்பில்லாத வில்லையை வைத்து, பரிசைச் சங்கத்தில் கொடுக்கலாம்.

2. நகராட்சியிடமும் காவல்துறையிடமும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். கேட்பாரற்ற பொட்டலம் என்று யாரும் பயப்படக் கூடாது.

3. இடம் இரண்டு பேருக்கு மட்டும் தெரிய வேண்டும். அதை எழுதி உறையிலிட்டு, முத்திரை வைத்து, சங்கப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். அவர்கள் குடும்பத்தார் கலந்துகொள்ளக் கூடாது.

4. நுழைவுக் கட்டணமோ, சரக்கு வாங்கினால்தான் சேர்க்கை என்ற நிபந்தனையோ வேண்டாம். துப்புச் சீட்டைக் கடைகளில் இலவசமாக வைத்தால் போதும். வாசல்படி ஏறியவரை வரவேற்பது நம் சாமர்த்தியம்.

5. நீர்நிலை, சாலை நடுவு, வழிபாட்டுத் தலத்தின் உட்பகுதி ஆகியவற்றில் ஒளிக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பின் தேடுதல் இல்லை.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து வீசும் மாம்பழத்தைப் பிடிக்க எத்தனை ஊர் ஜனம் இங்கே கூடுகிறது! அந்தத் திருவிழாவுக்குரிய அம்மையார் ஒரு வணிகர் மகள், வணிகர் மனைவி. நம் கோவில்பத்துப் பார்வதீசுவரர் கோயில்தான் தேவாரத்தில் வரும் திருத்தெளிச்சேரி. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? துப்பில் இவற்றை வைத்தால், விடை தேடித் தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்பார்கள். ஊரை அறிந்த பிள்ளைதான் நாளைக்கு ஊர்க் கடையைத் தேடி வரும்.

இதனால் மறுநாளே வியாபாரம் பெருகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வில்லை, சில துப்புச் சீட்டு, நியாயமான பரிசு, இவ்வளவே செலவு. அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதுபற்றிக் கலந்து பேச வேண்டுகிறேன். பாட்டுக் கட்டத் தெரிந்த தமிழாசிரியர் நம் ஊரில் இல்லாமலா போய்விடுவார்?