டாக்டர் ஏன் செல்போனைப் பார்த்துவிட்டு, ‘ஏழு வருஷம் கழித்து வாங்க’ என்கிறார்?

அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை முடிந்ததும் இப்படி நடக்கலாம். டாக்டருக்கு இதெல்லாம் மனப்பாடமாக இருக்காதா என்று தோன்றுகிறதா?

ஜோசியரை நினைத்துப் பாருங்கள். அவர் வானத்தை அளப்பதில்லை, பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறார். கணக்கை வேறு யாரோ முன்பே போட்டுவிட்டார்கள். டாக்டரின் செல்போனில் இருக்கும் செயலியும் அப்படித்தான். நிபுணர் குழு வகுத்த விதிகள் அதற்குள் இருக்கின்றன. உங்கள் விவரத்தைக் கொடுத்தால், பொருந்தும் வரியை அது எடுத்துக் காட்டும்.

என்ன விவரம்? முதலில் வயது. சாதாரண ஆபத்துள்ளவர்களுக்கு 50 வயதில் தொடங்கிய பரிசோதனையை 2021-இல் 45-க்கு இறக்கினார்கள். அடுத்தது குடும்பம். உங்கள் அப்பாவுக்கு 48 வயதில் இந்நோய் வந்ததா? அதில் பத்தைக் கழியுங்கள். 38-லேயே உங்களுக்குத் தொடங்க வேண்டும்.

பிறகு, குடலில் எடுத்த ‘அடினோமா’ கட்டிகள். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 ஆண்டு இடைவெளி. மூன்று, நான்கு என்றால் 3 முதல் 5 ஆண்டு. பத்தைத் தாண்டினால் ஒரே ஆண்டு. இவை 2020-இல் திருத்தப்பட்டவை; பழைய மனப்பாடம் இங்கேதான் காலை வாரும்!

பிறந்த நேரம் தவறினால் ஜாதகமும் தவறுமே, அதுபோல விவரம் பிசகினால் செயலியும் பிசகும். உதாரணமாக, சிலருக்குக் குடல் சரியாகச் சுத்தமாகாமல் கட்டி கண்ணில் படாமலே போயிருக்கலாம். அதனால் அப்படிப்பட்டவர்களை ஓராண்டுக்குள் மறுபடி வரச் சொல்கிறார்கள்.

மலத்தில் ரத்தம் போகிறவருக்கு இந்த அட்டவணையே பொருந்தாது. அவரைத் தவணை பார்க்காமல் டாக்டர் பரிசோதிக்க வேண்டும்.